குவாண்டம் வாயுவும் சாலிட்டானும் ஒரே வரியில் வருவது ஏன்?

கேள்வி இதுதான்: முதுகலை இயற்பியல் கடைசி ஆண்டில் இருக்கிறீர்கள், கோட்பாட்டு இயற்பியலில் ஆராய்ச்சிக்குப் போக ஆசை. ஆய்வுக்குழுக்களின் அறிமுகக் குறிப்புகளைப் புரட்டினால் "குவாண்டம் வாயுக்கள், ஒரு பரிமாண அமைப்புகள், நேரிலா இயக்கவியல், சாலிட்டான்கள்" என்று ஒரே மூச்சில் அடுக்கியிருக்கிறார்கள். இவற்றுக்குள் என்ன உறவு, எதைப் பிடித்தால் நல்லது, போவதற்கு முன் என்ன படித்து வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது நான்கு துறைகளின் பட்டியல் இல்லை. ஒரு வீட்டுக்கு நான்கு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் குளிர்ந்த அணுக்களின் வாசலில் நுழைந்து சாலிட்டான் வாசலில் வெளியே வந்தவன். அதனால் கீழே சொல்வதில் கொஞ்சம் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

சாலிட்டானிலிருந்தே, அதாவது உருக்குலையாமல் தனியே ஓடும் ஒற்றை அலையிலிருந்தே தொடங்குகிறேன், கதை அங்கேதான் பழையது; நேரிலா இயக்கவியலின் வாசலும் அதோடேயே திறந்துவிடும். 1834 ஆகஸ்டில் எடின்பரோவுக்கு அருகே யூனியன் கால்வாயில் இரண்டு குதிரைகள் இழுத்துவந்த படகு ஒன்று திடீரென்று நின்றது. படகோடு வந்த தண்ணீர் நிற்கவில்லை. முன்பக்கம் திரண்டு, ஒற்றை மேடாக எழுந்து, தனியே ஓடத் தொடங்கியது. ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் குதிரையில் அதைத் துரத்தினார். சுமார் 30 அடி நீளம், ஒன்று ஒன்றரை அடி உயரம், மணிக்கு 8 அல்லது 9 மைல் வேகம். ஒன்றிரண்டு மைல் போன பிறகுதான் அது கால்வாயின் வளைவுகளில் கண்ணுக்கு மறைந்தது. அப்புறம் தொட்டி கட்டிச் சோதனை செய்து, மேடு உயர உயர வேகமும் கூடுகிறது என்றும் கண்டுபிடித்தார். அந்தக் காலத்துப் பெரிய தலைகள் சிலர் இதை நம்பவில்லை. சாதாரணமாக ஓர் அலை இரண்டு வகையில் செத்துப்போகும். அதற்குள் இருக்கும் வெவ்வேறு அலைநீளங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடினால் அலை அகன்று கரைந்துவிடும், இது பிரிகை. அலையின் உச்சி அடிவாரத்தைவிட வேகமாக ஓடினால் முகம் செங்குத்தாகி உடைந்து விழும், இது நேரிலாத்தன்மை. ரஸ்ஸலின் அலையில் ஒன்று விரிக்கப் பார்க்கிறது, மற்றொன்று குறுக்கப் பார்க்கிறது, இரண்டும் சரியாகச் சமன்பட்டுவிடுகின்றன. இதைக் கணக்காக எழுதியது 1895இல் கோர்ட்டெவெக், டி விரீஸ் இருவரும். அவர்கள் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதைக் கேடிவி சமன்பாடு என்பார்கள்.

அதன் பிறகு அது ஏறக்குறைய தூங்கிப்போனது. எழுப்பியது கடலும் இல்லை, கால்வாயும் இல்லை, ஒரு கணிப்பொறி. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் 1950களின் முதல் பாதியில் ஃபெர்மி, பாஸ்டா, உலாம் மூவரும் ஓர் எளிய கேள்வியை மேனியாக் என்ற இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள். வில்சுருள்களால் கோத்த எடைகளின் வரிசை, அந்தச் சுருள்களில் ஹூக் விதியிலிருந்து சின்ன விலகல். ஆற்றல் முழுவதையும் மிக நீளமான ஓர் அலைவில் போட்டுவிட்டுக் காத்திருந்தால், அது மெல்ல எல்லா அலைவுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட வேண்டும். வெப்பச் சமநிலை என்று நாம் பாடத்தில் படிப்பது அதைத்தான். நடந்தது வேறு. ஆற்றல் நாலைந்து அலைவுகளுக்குள் போய்ச் சுற்றிவிட்டு, ஏறக்குறைய முழுதாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. அறிக்கை 1955இல் வெளிவந்தபோது ஃபெர்மி உயிரோடு இல்லை. நிரல் எழுதிய மேரி சிங்கூவின் பெயர் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்தச் சிக்கலின் பெயரோடு சேர்ந்தது. இப்போது எஃப்பியுடி என்று நான்கு எழுத்தாகச் சொல்கிறோம், நியாயமான திருத்தம். இந்தக் கதையை நினைவில் வையுங்கள், பின்னால் அணுக்களோடு திரும்பி வரும்.

1965இல் சபுஸ்கியும் குரூஸ்கலும் அந்த எடை வரிசையைத் தூரத்திலிருந்து பார்த்தால், அதாவது தொடர்ச்சியான ஊடகமாக எடுத்துக்கொண்டால், கேடிவி சமன்பாடு வருகிறது என்று காட்டினார்கள். கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு மென்மையான கொசைன் அலை எட்டு கூர்மேடுகளாகப் பிரிந்தது. அவை ஒன்றையொன்று முந்தி, ஊடுருவி, உருக்குலையாமல் வெளியே வந்தன. துகள் போல நடந்துகொள்வதால் எலக்ட்ரான், புரோட்டான் பாணியில் 'சாலிட்டான்' என்று பெயர் வைத்தார்கள். மோதலுக்குச் சாட்சியாக எஞ்சுவது ஒன்றே ஒன்றுதான்: மோதாமல் போயிருந்தால் இருந்திருக்க வேண்டிய இடத்திலிருந்து வேகமானது கொஞ்சம் முன்னே தள்ளியும் மெதுவானது கொஞ்சம் பின்னே தள்ளியும் நிற்கும்.

இரண்டு ஆண்டு கழித்து வந்ததுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம். கார்ட்னர், கிரீன், குரூஸ்கல், மியூரா நால்வரும் 1967இல் கேடிவி சமன்பாட்டை முழுமையாகத் தீர்த்தார்கள். எப்படி? தண்ணீர் அலையின் உருவத்தை எடுத்து, அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் ஒரு நிலையாற்றல் பள்ளமாகப் போட்டார்கள். குவாண்டம் இயக்கவியலின் முதல் பருவத்தில் நீங்கள் போட்ட அதே கணக்கு. அலை நகர நகரப் பள்ளத்தின் உருவம் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் பள்ளத்துக்குள் கட்டுண்ட நிலைகளின் ஆற்றல்கள் மட்டும் மாறவே மாறாது. ஒவ்வொரு கட்டுண்ட நிலையும் ஒரு சாலிட்டான். ஆழமான நிலை என்றால் உயரமான, வேகமான சாலிட்டான்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்த்தால் மனதில் நிற்கும். கேடிவியை நேரிலா உறுப்புக்கு 6 என்ற கெழு வரும் வழக்கமான வடிவில் எழுதிக்கொள்ளுங்கள். தொடக்க அலையாக செக் வர்க்கச் (sech²) சார்பை 6ஆல் பெருக்கிக் கொடுங்கள். அதைக் கவிழ்த்தால் கிடைப்பது பாடப்புத்தகத்தில் வரும் பாஷல்–டெல்லர் பள்ளம். அதில் கட்டுண்ட நிலைகள் இரண்டே, ஆற்றல்கள் −4, −1. ஆகவே 6 உயரத்தில் நின்ற ஒற்றை மேடு, 8 உயரமும் 2 உயரமும் உள்ள இரண்டு சாலிட்டான்களாகப் பிரியும். வேகங்கள் 16, 4. முன்னே ஓடுவது தொடக்க மேட்டைவிட உயரம், கவனித்தீர்களா? இவ்வளவையும் நேரத்தில் ஒரு அடிகூட முன்னே நகர்த்தாமல், தாளில் நாலு வரியில் சொல்லிவிட முடிகிறது. இப்படித் தீர்க்க முடிகிற அமைப்புகளைத்தான் 'இன்டெக்ரபிள்', தமிழில் தொகையிடத்தக்கவை, என்பார்கள். முடிவில்லாத எண்ணிக்கையில் மாறாத கணியங்கள் இவற்றுக்கு உண்டு, எஃப்பியுடியின் ஆற்றல் கலந்து பரவ மறுத்ததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

சரி, இப்போது அடுத்த வாசல். 1924இல் சத்யேந்திர நாத் போஸ் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டீனுக்கு அனுப்பிய ஒரு சிறு கட்டுரையிலிருந்து போஸ்–ஐன்ஸ்டீன் புள்ளியியல் பிறந்த கதை உங்களுக்குத் தெரியும். போஸ் எண்ணியது ஒளித்துகள்களை. அதை அணுக்களுக்கு நீட்டித்து, போதுமான குளிரில் கணிசமான அணுக்கள் ஒரே நிலையில் போய்க் குவியும் என்று சொன்னது ஐன்ஸ்டீன். ஒரு ருபீடியம் அணுவின் டி பிராய் அலைநீளம் அறை வெப்பநிலையில் சுமார் 0.01 நானோமீட்டர், அணுவின் அளவைவிடக் குறைவு. அதை 170 நானோகெல்வினுக்குக் குளிர்வித்தால் அரை மைக்ரானை நெருங்கிவிடும். வாயுவில் அணுக்களுக்கு இடையே உள்ள தூரமும் அந்த அளவுக்கு வந்தால், யார் எந்த அணு என்ற கேள்விக்கே பொருள் போய்விடுகிறது. கார்னெலும் வீமனும் 1995 ஜூனில் ஜிலா ஆய்வகத்தில் ருபீடியத்தை அந்த வெப்பநிலைக்குக் கொண்டுபோய் இதைச் செய்துகாட்டினார்கள், குவிந்தவை வெறும் 2000 அணுக்கள். சில மாதங்களில் எம்ஐடியில் கெட்டர்லே சோடியத்தில், அதைவிட நூறு மடங்குக்கு மேல் அணுக்களோடு. மூவருக்கும் 2001இல் நோபல்.

இந்த வாயு காற்றைவிட லட்சக்கணக்கான மடங்கு நீர்த்தது. அதனால் அணுக்கள் மோதிக்கொள்வதை ஒரே ஓர் எண்ணால், சிதறல் நீளத்தால், சொல்லிவிடலாம். இப்படி ஒரே நிலையில் குவிந்த அணுக்கூட்டத்தைக் கண்டன்சேட் என்பார்கள், அது முழுவதற்கும் ஒரே அலைச்சார்பு. ஓர் அணு தன்னைச் சுற்றியுள்ள மற்ற அணுக்களின் அடர்த்தியை ஒரு நிலையாற்றலாக உணர்கிறது, அந்த அடர்த்தியோ அதே அலைச்சார்பின் வர்க்கம். ஆக, ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் கூடுதலாக ஒரு மும்மடி உறுப்பு வருகிறது. இது குரோஸ்–பிட்டாயேவ்ஸ்கி சமன்பாடு, இருவரும் 1961இல் தனித்தனியே எழுதியது. கணிதக்காரர்கள் இதையே நேரிலா ஷ்ரோடிங்கர் சமன்பாடு என்பார்கள். ஒளியிழையில் துடிப்புகள் ஓடுவதற்கும் இதே சமன்பாடுதான் என்று ஹசேகாவாவும் டாப்பர்ட்டும் 1973இல் சொன்னார்கள், 1980இல் பெல் ஆய்வகத்தில் அந்தத் துடிப்புகளைப் பார்த்தும்விட்டார்கள். காந்தத்தில் தற்சுழற்சிகளின் சங்கிலியைத் தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டால் அதுவும் இதற்கே சமானம் என்று காட்டியவர் எம். லட்சுமணன், 1977இல். ஆழமான தண்ணீரின் மேற்பரப்பு அலைகளும் இதே வீட்டில்தான். உங்கள் பட்டியலில் குவாண்டம் வாயுவும் சாலிட்டானும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம் இந்த ஒற்றைச் சமன்பாடு. ஒரு பரிமாணத்தில் இது தொகையிடத்தக்கது என்று சகாரோவும் ஷபாத்தும் 1970களின் தொடக்கத்திலேயே நிறுவிவிட்டார்கள். அணுக்காரர்கள் வந்து சேர்ந்தபோது தீர்வுகள் தயாராக இருந்தன.

எப்படிப்பட்ட சாலிட்டான் கிடைக்கும் என்பது அணுக்கள் ஈர்க்கின்றனவா விலக்குகின்றனவா என்பதைப் பொறுத்தது. ஈர்த்தால் அணுக்களே ஒரு மேடாகத் திரண்டு ஓடும். பாரிஸிலும் ரைஸ் பல்கலைக்கழகத்திலும் 2002இல் லித்தியம்-7ஐக் கொண்டு இதைச் செய்தார்கள். விலக்கினால் கிடைப்பது மேடு இல்லை, பள்ளம். ஒரே சீராக இருக்கும் வாயுவில் ஒரு குறுகிய இருட்டுக் கோடு, அதன் இரு பக்கமும் அலைச்சார்பின் கட்டம் π அளவு, அதாவது அரைச் சுற்று, மாறியிருக்கும். செய்முறை அழகானது: வாயுவின் ஒரு பாதியில் மட்டும் சில மைக்ரோநொடிகள் லேசரைப் பாய்ச்சினால் அந்தப் பாதியின் கட்டம் மற்றதைவிட முன்னே போய்விடும், நடு எல்லையில் பள்ளம் பிறக்கும். ஹனோவரில் 1999இலும் அமெரிக்காவின் என்ஐஎஸ்டியில் 2000இலும் பார்த்தார்கள். பள்ளத்தின் அகலம் மைக்ரானுக்கும் குறைவாக இருக்கலாம். அதனால் அணுக்களைப் பிடித்துவைத்திருக்கும் பொறியை அணைத்து, வாயுவை விரியவிட்டு, அப்புறம்தான் படம் எடுக்க வேண்டும்.

இந்த இருட்டுச் சாலிட்டானோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் மனது கலங்கும். அசையாமல் நிற்கும்போது பள்ளம் முழு ஆழம். வேகம் கூடக் கூட ஆழம் குறையும், ஒலியின் வேகத்தை நெருங்கும்போது பள்ளமே இருக்காது. ஆழம் குறைந்தால் ஆற்றலும் குறைவு. அதாவது வேகமாக ஓடுகிற சாலிட்டானுக்கு ஆற்றல் குறைவு! உராய்வு வந்து ஆற்றலைப் பிடுங்கினால் அது மெதுவாகாது, இன்னும் வேகமாக ஓடி, கடைசியில் ஒலியாகக் கரைந்துபோகும். நிறை எதிர்க்குறி என்று இதைத்தான் சொல்கிறோம். இல்லாத அணுக்களால் ஆன துகள் வேறு எப்படி இருக்கும் என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

இதற்கு ஒரு தெளிவான கணிப்பும் உண்டு. பொறிக்குள் இப்படி ஒரு பள்ளம் ஊசலாடினால், அதன் அலைவு நேரம் ஓர் அணுவின் அலைவு நேரத்தைப்போல இரண்டின் வர்க்கமூலம், அதாவது சுமார் 1.41 மடங்கு இருக்க வேண்டும். 2008இல் ஜெர்மனியில் நடந்த சோதனைகள் கோட்பாட்டின் பக்கமே பேசின. ஆனால் 2013இல் எம்ஐடியில் இணைசேர்ந்த லித்தியம்-6 ஃபெர்மியான்களின் (ஒரே நிலையில் இரண்டு சேராத துகள்கள்) மீப்பாய்மத்தில், அதாவது உராய்வின்றி ஓடும் பாய்மத்தில், இதையே செய்தபோது, பள்ளம் ஆமை வேகத்தில் ஊசலாடியது. கணக்குப்படி, ஊசலாட்டத்திலிருந்து தெரியும் அதன் செயல்படு நிறை, பள்ளத்தில் குறைந்த அணுக்களின் நிறையைவிட 200 மடங்குக்கு மேல். 'கனத்த சாலிட்டான்' என்று பெயரிட்டுப் பெரிய இதழில் வந்தது. கோட்பாட்டாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள், எந்தக் கணக்கும் அந்த எண்ணுக்கு அருகில் வரவில்லை. அடுத்த ஆண்டே அதே குழு வாயுவைச் சீவல் சீவலாகப் படமெடுத்துப் பார்த்தது. அது சாலிட்டானே இல்லை, வாயுவின் குறுக்கே கிடந்த ஒற்றைச் சுழல். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே இருட்டுக்கோடாகத் தெரியும். அகலமான வாயுவில் இருட்டுச் சாலிட்டான் பாம்புபோல நெளிந்து சுழலாகச் சிதையும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். கோட்பாட்டு ஆய்வு நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்த நிகழ்வைத்தான். ஒரு எண் பொருந்தவில்லை என்றால் புதிய இயற்பியல், கணக்கில் தவறு, பார்த்த பொருளே வேறு என்று மூன்று வாய்ப்புகள். மூன்றாவதை யாரும் முதலில் நினைப்பதில்லை.

மூன்றாவது வாசல், ஒரு பரிமாண அமைப்புகள். மேலே சொன்ன சமன்பாடு எல்லா அணுக்களும் ஒரே அலைச்சார்பில் இருப்பதாக வைத்துக்கொண்ட தோராயம். அணுக்களை ஒரு மெல்லிய குழாய்க்குள் அடைத்து, அவற்றின் விலக்கத்தைக் கூட்டினால் அந்தத் தோராயம் செத்துவிடும். ஒன்றையொன்று தாண்ட முடியாத போசான்கள் (போஸ்–ஐன்ஸ்டீன் புள்ளியியலைப் பின்பற்றும் துகள்கள்) ஃபெர்மியான்கள் போல நடந்துகொள்ளும் என்று ஜிரார்டோ 1960இலேயே சொன்னார். லீப், லினிகர் இருவரும் 1963இல் எந்த வலிமையான விலக்கத்துக்கும் சேர்த்து இந்த வாயுவைத் துல்லியமாகத் தீர்த்துவிட்டார்கள். வழி, பெத்தே 1931இல் காந்தச் சங்கிலிக்குப் போட்ட யுக்தி. தீர்வில் இரண்டு வகைக் கிளர்ச்சிகள் வந்தன, ஒன்று ஒலி, இன்னொன்று என்னவென்று அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. வலுவற்ற விலக்கத்தில் அந்த இரண்டாவது வகைதான் நம் இருட்டுச் சாலிட்டான் என்று புரிவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இங்கேதான் எஃப்பியுடி திரும்பி வருகிறது. 2006இல் கினோஷிட்டா, வெங்கர், வைஸ் மூவரும் ருபீடியம் அணுக்களை ஒளியால் ஆன மெல்லிய குழாய்களில் அடைத்து, இரண்டு கூட்டங்களாகப் பிரித்து எதிரெதிரே மோதவிட்டார்கள். பெயரே 'குவாண்டம் நியூட்டன் தொட்டில்'. ஒரு சாதாரண வாயு என்றால் சில மோதல்களிலேயே வேகங்கள் கலந்து வெப்பச் சமநிலைக்கு வந்துவிடும். இங்கே ஆயிரக்கணக்கான மோதல்களுக்குப் பிறகும் வேகங்களின் பரவல் தன் தொடக்க உருவத்தை மறக்கவில்லை. மேனியாக்கில் வில்சுருள்கள் செய்ததை அரை நூற்றாண்டு கழித்து அணுக்கள் செய்தன, காரணமும் அதே குடும்பம்: மாறாத கணியங்கள் ஏராளம்.

இதிலிருந்து பிறந்ததுதான் இப்போது சூடாக இருக்கும் பகுதி. சாதாரணப் பாய்ம இயக்கவியலில் நிறை, உந்தம், ஆற்றல் என மூன்று மாறாக் கணியங்கள். தொகையிடத்தக்க அமைப்பில் கணக்கற்றவை. அவற்றையெல்லாம் சேர்த்து ஒரு பாய்மக் கோட்பாட்டை 2016இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே எழுதின, பொதுமைப்படுத்திய நீரியக்கவியல் என்று சொல்லலாம். 2019இல் பிரான்சில் ஓர் அணுச்சில்லின் (அணுக்களைப் பிடித்துவைக்கும் மின்கம்பிகள் பதித்த சில்லு) மேல் சோதித்துப் பார்த்தார்கள், வழக்கமான பாய்மக் கோட்பாடு தோற்ற இடத்தில் இது பொருந்தியது. இந்தச் சமன்பாட்டை உற்றுப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்று தெரியும். சாலிட்டான்களைத் துகள்களாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மோதலிலும் அவை முன்னும் பின்னும் குதிப்பதை மட்டும் கணக்கில் வைத்து, 1971இல் சகாரோவ் ஒரு 'சாலிட்டான் வாயு'வுக்கு எழுதிய சமன்பாட்டின் அதே அமைப்பு. ஆக, வாயுவில் சாலிட்டானைத் தேடிப் போனவர்கள் கடைசியில் வாயுவையே சாலிட்டான்களின் கூட்டமாகப் படிக்கிறார்கள். இந்த இடத்தை முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

மற்ற பகுதிகளை வேகமாகத் தொட்டுவிடுகிறேன். ஒளியால் செய்த பின்னல்களில் அணுக்களை வைத்துத் திண்மப்பொருள் சிக்கல்களைப் பார்ப்பது தனி உலகம். மீப்பாய்மம் மின்காப்பு நிலைக்கு மாறுவதை 2002இல் பார்த்தார்கள், 2009 முதல் ஒற்றை ஒற்றை அணுவாகவே படமெடுக்க முடிகிறது. அங்கே சாலிட்டானைவிட எண்முறைகளும் பல்துகள் கோட்பாடும்தான் ஆளுகின்றன.

குவாண்டம் துளிகள் இளைய துறை. ஈர்ப்பு மிகுந்து குரோஸ்–பிட்டாயேவ்ஸ்கி கணக்குப்படி சரிந்து நொறுங்க வேண்டிய கலவையை, குவாண்டம் ஏற்ற இறக்கங்களின் சிறு திருத்தம் தாங்கிப்பிடிக்கும் என்று பெட்ரோவ் 2015இல் எழுதினார். அந்தத் திருத்தம் 1957இலிருந்து புத்தகத்தில் கிடந்ததுதான். டிஸ்ப்ரோசியத்தில் ஸ்டுட்கார்ட்டிலும், பின்பு பொட்டாசியக் கலவையில் பார்சிலோனா பக்கத்திலும் துளிகள் கிடைத்தன: காற்றைவிட மெல்லிய, ஆனால் தன்னைத்தானே பிடித்துவைத்துக்கொள்ளும் திரவம்.

இடவியல் சாலிட்டான்கள் வேறு இனம். அவை பிழைப்பது பிரிகையும் நேரிலாத்தன்மையும் சமன்பட்டதால் இல்லை, கயிற்றில் விழுந்த முடிச்சுபோல அவிழ்க்க வழியில்லாததால். மீக்கடத்தியின் சுழல்கள், காந்தங்களில் 2009இல் கண்ட ஸ்கிர்மியான்கள் (தற்சுழற்சிகள் சுருண்டு விழுந்த முடிச்சுகள்), துகள் இயற்பியலின் காந்த ஒருமுனைகள் எல்லாம் இதில் சேரும். 'சாலிட்டான்' என்ற ஒரே சொல்லை இரு தரப்பும் பயன்படுத்துவதால், ஒரு குழு எந்தப் பொருளில் சொல்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

எதை எடுப்பது? என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். நேரிலா ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் ஒரு உறுப்பைக் கூட்டி, கணிப்பொறி இயற்கணிதத்தால் 'புதிய துல்லியத் தீர்வுகள்' கண்டுபிடித்து, நான்கு வண்ணப்படம் போட்டு முடிகிற பேப்பர்கள் வண்டி வண்டியாக வருகின்றன. அந்த உறுப்பு எந்த ஆய்வகத்தில் வரும், அந்தத் தீர்வு சிறு குலுக்கலுக்குத் தாங்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பெரும்பாலானவற்றில் பதில் இருக்காது. அந்த ஆலையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு குழுவின் கடைசி ஐந்து பேப்பர்களை எடுத்து, நிலைப்புத்தன்மைப் பகுதி இருக்கிறதா, ஏதாவது சோதனையின் எண்கள் பேசப்படுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். கணிதம் உயிர் என்றால் தொகையிடத்தக்க அமைப்புகளும் பொதுமைப்படுத்திய நீரியக்கவியலும். சோதனைக்காரர்களோடு பேசிக்கொண்டே வேலை செய்யப் பிடிக்கும் என்றால் துளிகள், கலவைகள், ஃபெர்மி வாயுக்கள். பின்னதில் வேகம் அதிகம், நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் வெளியிட்டுவிடுவார்.

படித்து வைக்க வேண்டியவற்றில் இரண்டாம் குவாண்டமாக்கம், போகோலியூபோவ் முறை, புள்ளியியல் இயக்கவியல் ஆகியவற்றை எப்படியும் சொல்லித்தருவார்கள். யாரும் சொல்லித்தராதது நிரல் எழுதுவது. நேரத்தைச் சிறு அடிகளாக வெட்டி, இயக்க ஆற்றலை ஃபூரியே வெளியிலும் மற்றதை நேர்வெளியிலும் மாற்றி மாற்றிச் செயல்படுத்தும் முறையை நீங்களே ஒருமுறை எழுதுங்கள், ஐம்பது வரிக்கு மேல் போகாது. அதில் ஒரு பொறி உண்டு. நேர அடி எவ்வளவு மோசமாக இருந்தாலும் அணுக்களின் மொத்த எண்ணிக்கை இம்மியும் பிசகாது, அது முறையின் அமைப்பிலேயே வந்துவிடுகிறது. எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று நிம்மதியடையாதீர்கள், ஆற்றலைப் பாருங்கள். அடியைப் பாதியாக்கினால் பிழை கால்பங்காகிறதா என்றும் பாருங்கள்.

முதல் ஆண்டில் என் சாலிட்டான் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று நடுங்கத் தொடங்கியது. புதிய நிலையின்மை கிடைத்துவிட்டது என்று மூன்று வாரம் நோட்டுப் புத்தகத்தில் கணக்கு நிரப்பினேன். பேப்பருக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். கைடு படத்தைப் பத்து நொடி பார்த்துவிட்டு, "பெட்டிய ரெண்டு மடங்காக்கிப் பாத்தியா?" என்றார். "இல்ல சார்" என்றேன். ஃபூரியே முறையில் பெட்டியின் வலது ஓரமும் இடது ஓரமும் ஒட்டியவை. சாலிட்டான் தொடக்கத்தில் உதறிய சிற்றலை வலப்பக்கம் வெளியேறி இடப்பக்கம் நுழைந்து, பின்னாலிருந்து அதையே இடித்திருக்கிறது. பெட்டியை இரட்டிப்பாக்கியதும் நடுக்கம் இரண்டு மடங்கு தாமதமாக வந்தது. அத்தோடு அந்தப் பேப்பர் முடிந்தது.

நீங்கள் இன்றே தொடங்கலாம். கேடிவிக்கு அதே முறையில் நிரல் எழுதி, 6 மடங்கு செக் வர்க்கத்தைக் கொடுத்து ஓட்டுங்கள், 8உம் 2உம் வருகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால் 6க்குப் பதில் 5 போடுங்கள். இப்போதும் சாலிட்டான்கள் இரண்டுதான், உயரங்கள் ஏறக்குறைய 6.4, 1.25. ஆனால் முன்பு இல்லாத மெல்லிய சிற்றலை ஒன்று இடப்பக்கமாகக் கிளம்பிப் போகும். 6க்கு ஏன் அது வரவில்லை என்பதற்கான விடை பாஷல்–டெல்லர் பள்ளத்தின் எதிரொளிப்புக் கெழுவில் இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள், எந்தக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அப்புறம் பேசுவோம். பெட்டியைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள்.